ஒரு நரம்புமுனை, மூன்று நஞ்சுகள்: டெல்டாவில் மருத்துவப் பணிக்கு வருகிறவர்களுக்கு முதலாண்டுப் பாடம் ஏன் முக்கியம்?

பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், டயாலிசிஸ் டெக்னீஷியன், எம்.பி.பி.எஸ். என்று எதில் சேர்ந்தாலும் முதல் வருடம் பிள்ளைகளின் கைக்கு வருவது ஏறக்குறைய ஒரே பாடம்தான். உடற்கூறியல், உடலியங்கியல், கொஞ்சம் உயிர்வேதியியல், கொஞ்சம் நுண்ணுயிரியல். பெரும்பாலானவர்கள் இதை எப்படியாவது தாண்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஊசி போடுவதும் ட்ரிப்ஸ் ஏற்றுவதும் ரத்தம் எடுப்பதும்தான் வேலை, செல் சவ்வும் சோடியமும் பரீட்சைக்கு என்று ஓர் எண்ணம் முதல் மாதத்திலேயே வந்துவிடுகிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களின் பயமும் சேர்ந்துகொள்ள, புரிந்துகொள்வதை விட்டுவிட்டு மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

காவிரி டெல்டாவில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. ஏனென்றால் இந்தப் பகுதியின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குள் வரும் நோயாளிகள் முதலாண்டுப் புத்தகத்தின் பக்கங்களையே சுமந்துகொண்டு வருகிறார்கள். மேட்டூர் திறந்து, கல்லணையில் தண்ணீர் பிரிந்து கடைமடை சேர்ந்ததும் நாற்று, நடவு, களை, பூச்சிமருந்து, அறுவடை என்று வயலில் நடப்பதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலும் தெரியும். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி வந்தது 1959இல். திருவாரூருக்கு 2010இலும் நாகப்பட்டினத்துக்கு 2022 ஜனவரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இடையில் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்றைக்குத் தன் வயலுக்குப் பக்கத்திலேயே படிக்கும் வாய்ப்பு பெற்ற தலைமுறை இது. அந்த வயலில் இருப்பதையே எடுத்துக்கொண்டு பாடத்தை விளக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரே ஓர் இடத்தைப் பார்ப்போம். நரம்பும் தசையும் சந்திக்கும் இடம். கட்டுவிரியன், நல்ல பாம்பு, பூச்சிமருந்து ஆகிய மூன்றின் வேலையும் அந்த ஒரு புள்ளியில் நின்று பார்த்தால் புரிந்துவிடும்.

தொடாத இரண்டு முனைகள்

கையை மடக்க நினைக்கிறோம். மூளையில் புறப்பட்ட மின் துடிப்பு தண்டுவடம் வழியாக இறங்கி, நரம்பில் ஓடி, தசையின் அருகே வந்து நின்றுவிடுகிறது. நரம்பு தசையைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு மில்லிமீட்டரின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. மின்துடிப்பு அதைத் தாண்டாது. அதனால் நரம்பின் முனையில் நுண்ணிய பைகளில் சேமித்து வைத்திருக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அந்த இடைவெளியில் கொட்டுகிறது. அது எதிர்ப்பக்கம் தசையின் மேல் இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. ஏற்பி திறக்கிறது, சோடியம் உள்ளே பாய்கிறது, தசை சுருங்குகிறது.

இதோடு கதை முடிந்துவிட்டால் தசை தளரவே தளராது. கொட்டியதை அள்ளவும் ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்வது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. நம் உடலில் மிக வேகமாக இயங்கும் நொதிகளில் ஒன்று இது. ஒரே ஒரு நொதி மூலக்கூறு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைத்துப் போடும். அப்போதுதான் இடம் காலியாகும், அடுத்த கட்டளை வரும்.

கொட்டுவது நரம்புமுனை. வாங்குவது ஏற்பி. அள்ளுவது நொதி. இந்த மூன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு வேதிப்பொருளைக் கொண்டுதான் பேசுகிறது என்பது அவ்வளவு பழைய அறிவு அல்ல. 1921இல் ஓட்டோ லோவி தவளையின் இதயத்தை எடுத்து, அதன் வேகத்தைக் குறைக்கும் நரம்பைத் தூண்டினார். அந்த இதயம் மூழ்கியிருந்த திரவத்தை எடுத்து வேறொரு தவளையின் இதயத்தில் விட்டார். யாரும் தூண்டாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது. திரவத்தில் கலந்திருந்தது அசிட்டைல்கோலின் என்பது பிறகு உறுதியானது. இதற்காக அவரும் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசு பெற்றார்கள். மாணவர்களுக்கு நான் இதை விரும்பிச் சொல்வதுண்டு. பெரிய கருவி எதுவும் இல்லை, இரண்டு தவளைகளும் ஒரு தெளிவான கேள்வியும்தான்.

கட்டுவிரியன்: கொட்டும் முனையை அழிப்பது

மழைக்கால இரவு. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர் விடியற்காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். ஒன்றிரண்டு வாந்தி. ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று சோடா குடித்துப் பார்க்கிறார்கள். விடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வருகிறார்கள். கடிவாய் தெரியாது, வீக்கம் இருக்காது, கடித்ததே அவருக்குத் தெரியாது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தூங்குகிறவரைக் கடிக்கும். வலி அநேகமாக இருக்காது.

இங்கேதான் முதலாண்டுப் பாடம் உதவுகிறது. வயிற்று வலியோடு வந்தவரிடம் இரண்டு நிமிடம் செலவழித்தால் போதும்.

"ஐயா, தலைய அசைக்காம கண்ண மட்டும் மேல தூக்கிப் பாருங்க."

"பாக்குறேம்மா. ராத்திரி தூக்கமில்ல, அதான் கண்ணு சொக்குது."

இமை பாதியில் நிற்கிறதா, நெற்றியைச் சுருக்கி இமையைத் தூக்கப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பொருள் இரண்டாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். படுத்தபடியே தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். கடைசியாக, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். முதலில் முப்பதுவரை போனவர் அரை மணி கழித்து இருபதைத் தாண்டவில்லை என்றால் மூச்சுத் தசைகள் தளரத் தொடங்கிவிட்டன. கையில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அப்போதும் 97, 98 என்று காட்டிக்கொண்டிருக்கலாம். மூச்சின் வலு குறைந்து வெகுநேரம் கழித்துத்தான் அந்த எண் விழும். எண்ணச் சொல்வது அதைவிட முன்னால் எச்சரிக்கும்.

தசைத் தளர்ச்சி ஏன் இமையில் ஆரம்பித்துக் கீழே இறங்குகிறது? கண்ணைச் சுற்றிய சின்னத் தசைகள் ஓயாமல் வேலை செய்பவை. அவற்றுக்குச் சமிக்ஞை கொஞ்சம் குறைந்தாலும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு தொண்டை, கழுத்து, நெஞ்சு, உதரவிதானம்.

கட்டுவிரியன் விஷம் நரம்பின் முனைக்குள் புகுந்து, அசிட்டைல்கோலின் கொட்டும் அந்த முனையையே சிதைக்கிறது. சிதைந்தபின் விஷமுறிவு மருந்து எவ்வளவு கொடுத்தாலும் முனை உடனே திரும்பாது. ரத்தத்தில் மிச்சமிருக்கும் விஷத்தைத்தான் மருந்து பிடிக்கும். முனை மறுபடி வளர நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கில் ஆகும். அதுவரை வென்டிலேட்டர் அவருக்காக மூச்சு விட வேண்டும். மருந்து கொடுத்தும் கண் திறக்கவில்லையே என்று உறவினர்கள் கலங்கும்போது இந்த விளக்கத்தை அவர்களுக்குப் புரியும்படி சொல்லக்கூடியவர் வார்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கண் திறக்காது, விரல் அசையாது, கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல்கூட இருக்கும். பார்ப்பதற்கு எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் விஷம் தசைக்குப் போகும் வழியைத்தான் அடைத்திருக்கிறது. மூச்சு தடைபடாமல் காப்பாற்றப்பட்டிருந்தால் அவருக்கு நினைவு இருக்கலாம், நீங்கள் பேசுவது கேட்கலாம். அவர் படுக்கையருகே நின்று "இது தேறாது" என்று பேசாதீர்கள். ஊசி போடும் முன் சொல்லிவிட்டுப் போடுங்கள். அவர் மனைவியை, பிள்ளையை அவர் காதருகே பேசச் சொல்லுங்கள்.

நல்ல பாம்பு: வாங்கும் இடத்தை அடைப்பது

நல்ல பாம்பின் நஞ்சு இடைவெளியின் மறுபக்கத்தில் வேலை செய்கிறது. நரம்புமுனை நன்றாகவே இருக்கிறது, அசிட்டைல்கோலின் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஏற்பியின் மேல் விஷம் போய் உட்கார்ந்துகொள்கிறது. வாய்க்காலில் தண்ணீர் நிறைய வந்தும் வயல் மடையைச் சேறு அடைத்துக்கொண்டால் பயிர் காய்வது போன்ற நிலை இது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் இருக்கும், தோல் கருத்து அழுகவும் செய்யும். அதனால் கட்டுவிரியனைப் போல ஏமாற்றாது. மற்றபடி இமை, தொண்டை, கழுத்து, மூச்சு என்ற வரிசை அதேதான்.

ஏற்பியில் இறுகப் பற்றிக்கொள்ளும் பாம்பு நஞ்சு ஆராய்ச்சிக்கும் உதவியிருக்கிறது. தைவானில் சாங், லீ என்ற இரு விஞ்ஞானிகள் 1963இல் அங்குள்ள ஒரு கட்டுவிரியன் இனத்தின் விஷத்திலிருந்து பிரித்தெடுத்த நச்சுப் புரதம்தான், பின்னால் அசிட்டைல்கோலின் ஏற்பியைத் தனியாகப் பிரித்து ஆராய வழிசெய்தது.

மடையில் அடைப்பு என்றால் தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கலாம் அல்லவா? சிகிச்சையும் அப்படித்தான் யோசிக்கிறது. விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் என்ற ஊசியும் போடுகிறார்கள். அது அள்ளும் நொதியைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தும். அள்ளப்படாத அசிட்டைல்கோலின் இடைவெளியில் பெருகும். பெருகியது மிச்சமிருக்கும் ஏற்பிகளைப் பிடித்துத் தசையை இயக்கும். நல்ல பாம்புக் கடியில் இமை மேலே ஏறுவதைச் சில நேரம் கண்ணாலேயே பார்க்கலாம். கட்டுவிரியன் கடியில் இது பெரும்பாலும் பலிக்காது. காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்: கொட்டும் முனையே இல்லாதபோது அள்ளுவதை நிறுத்தி என்ன பயன்?

பூச்சிமருந்து: அள்ளும் நொதியை முடக்குவது

இப்போது மூன்றாவது ஆள். வயலில் மருந்தடிப்பவர் கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாராமல், கைலியும் பனியனுமாக அடிக்கிறார். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். கோபத்திலோ மனமுடைந்தோ குடித்துவிட்டவர்களும் வருவார்கள். எப்படி வந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். அள்ளும் நொதி முடங்கிவிடுகிறது.

நொதி முடங்கினால் அசிட்டைல்கோலின் எங்கெல்லாம் வேலை செய்கிறதோ அங்கெல்லாம் அளவுக்கு மீறிக் குவியும். அது எங்கெல்லாம் வேலை செய்கிறது என்று தெரிந்தவர் அறிகுறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சுரப்பிகள்: எச்சில், கண்ணீர், வியர்வை பெருகும். நுரையீரல் குழாய்களில் நீர் கோத்து மூச்சில் சலசலப்பு கேட்கும். குடல்: வாந்தி, வயிற்றுப்போக்கு. கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும். இதயம் பெரும்பாலும் மெதுவாகும், சிலருக்கு ஆரம்பத்தில் வேகமாகவும் இருக்கும். தசைகளில் தோலுக்கடியில் புழு நெளிவது மாதிரி துடிப்பு தெரியும், பிறகு தளர்ந்துபோகும்.

சித்திரை, வைகாசி வெயிலில் மருந்தடித்துவிட்டு மயங்கியவரை வெயில் மயக்கம் என்று எடுத்துக்கொள்வது எளிது. இரண்டு பேருக்கும் வியர்க்கும், இரண்டு பேருக்கும் வாந்தி வரும். டார்ச் அடித்துக் கண்மணியைப் பாருங்கள். வெயில் மயக்கம் கண்மணியைக் குண்டூசித் தலையாக்காது. எச்சில் வழிகிறதா, துணியில் மருந்து வாடை வருகிறதா என்று பாருங்கள்.

சட்டை, கைலி எல்லாவற்றையும் கழற்றி, தலைமுடி, நகக்கண் உட்பட சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுவது இங்கே சிகிச்சையின் ஒரு பாகம். துணியிலும் தோலிலும் இருக்கும்வரை மருந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். சீனியர் போடவில்லை என்பதற்காக நீங்களும் போடாமல் இருக்காதீர்கள்.

இதற்குக் கொடுக்கும் முக்கிய மருந்து அட்ரோபின். அது சுரப்பிகளிலும் இதயத்திலும் நுரையீரல் குழாய்களிலும் உள்ள ஏற்பிகளை மூடுகிறது. நுரையீரல் சலசலப்பு நிற்கும், நாடி ஏறும். ஆனால் தசையின் தளர்ச்சி தீராது. அசிட்டைல்கோலினுக்கு இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. ஒரு வகை ஒருவிதக் காளானில் இருக்கும் மஸ்கரினுக்கு இசையும். இன்னொரு வகை நிக்கோட்டினுக்கு இசையும், வேதாரண்யம் பக்கம் விளைகிற புகையிலையில் இருக்கும் அதே நிக்கோட்டின்தான். சுரப்பியில் இருப்பது முதல் வகை, கைகால் தசையிலும் மூச்சுத் தசையிலும் இருப்பது இரண்டாம் வகை. அட்ரோபின் முதல் வகையை மட்டுமே தொடும். ஆகவே நுரையீரல் தெளிந்து, பேசி, தேறிவிட்டார் என்று நினைத்த நோயாளிக்கு முதல் நாள் கழிந்து நான்காம் நாளுக்குள் கழுத்து தளர்ந்து மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. "நல்லாத்தானே இருந்தார்" என்று வார்டில் கேட்கும் அந்த அழுகைக்குப் பின்னால் இருப்பது இந்த இரண்டு வகை ஏற்பிகளின் வேறுபாடு. அதனால்தான் தேறியவரிடமும் தினமும் பலமுறை தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இங்கே நின்று மேலே சொன்ன நியோஸ்டிக்மினை நினைத்துப் பாருங்கள். நல்ல பாம்புக் கடிக்கு நாம் போடும் அந்த ஊசி செய்வதும் நொதியை முடக்கும் வேலைதானே! ஆம், அதேதான். நியோஸ்டிக்மின் கார்பமேட் குடும்பத்தைச் சேர்ந்தது. நெல் வயலில் குருணையாகத் தூவப்பட்ட கார்போஃபியூரானும் அதே குடும்பம். அளந்து, மீளக்கூடிய விதத்தில் கொடுத்தால் மருந்து, அளவில்லாமல் போனால் நஞ்சு. நியோஸ்டிக்மின் போடும்போது கூடவே அட்ரோபினும் ஏன் போடுகிறார்கள் என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. தசையில் அசிட்டைல்கோலின் பெருக வேண்டும், ஆனால் சுரப்பியிலும் இதயத்திலும் அதன் விளைவு வேண்டாம். முதலாண்டில் இரண்டு பக்கம் புரிந்துகொண்ட மாணவிக்கு இந்த மருந்துக் குறிப்பு முழுதும் தானாகவே விளங்கும். மனப்பாடம் செய்தவருக்கு அது நான்கு தனித்தனி வரிகள்.

கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம்

வயல் எலிகளைத் தேடி வரப்போரம் வரும் கண்ணாடி விரியன் வேறு பாடத்தைச் சேர்ந்தது: ரத்தம் உறைதல். அதன் விஷத்தில் இருக்கும் நொதிகள், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களான உறைகாரணிகளில் பத்தாம் எண், ஐந்தாம் எண் காரணிகளைத் தூண்டிவிடுகின்றன. ரத்தக்குழாய்களுக்குள்ளேயே உறைதல் சங்கிலி ஓயாமல் ஓடி, இருக்கும் காரணிகளையெல்லாம் தின்று தீர்த்துவிடும். பிறகு உறைய வேண்டிய இடத்தில் உறைய எதுவும் மிச்சமில்லை. ஈறு கசியும், ஊசி குத்திய இடம் நிற்காது, சிறுநீர் சிவக்கும், சிறுநீரகம் கெடும்.

இதைக் கண்டுபிடிக்க இயந்திரம் தேவையில்லை. 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் இன்னும் திரவமாக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் ஏன் கூடாது? கண்ணாடியின் மேற்பரப்பைத் தொட்டால்தான் உறைதல் சங்கிலி அங்கே தூண்டப்படும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றிவிடும். பதினைந்தாவது நிமிடத்தில் ஆர்வத்தில் சாய்த்துப் பார்த்தால் சோதனை கெட்டது. லேப் டெக்னீஷியன் படிப்பவர்கள் இந்தச் சின்னச் சோதனையைப் பெரிய இயந்திரங்களுக்குச் சமமாக மதிக்க வேண்டும். வட்டார மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கு ஓர் உயிரின் போக்கைத் தீர்மானிப்பது அதுவாக இருக்கலாம்.

விஷமுறிவு மருந்து கொடுத்தபின் ஆறு மணி நேரம் கழித்து இதே சோதனையை மறுபடி செய்கிறார்கள். அந்த ஆறு மணி நேரக் கணக்கு கல்லீரலுடையது. விஷம் அடங்கியபின் கல்லீரல் புதிய உறைகாரணிகளைச் செய்து முடிக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் தேவை.

அந்த விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்தில் உருவான எதிர்ப்புப் புரதம். அதற்கு வேண்டிய விஷத்தைத் தருபவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் ஒரே மருந்து எதிர்க்கும் என்பதால் பாம்பை அடித்துத் தூக்கி வர வேண்டியதில்லை. கண்ணாடி விரியன் விஷமும் தென்னிந்தியாவில் சிலருக்கு இமையைச் சொருக வைக்கும், ஆகவே பாம்பின் பெயரைவிட நோயாளியின் உடல் சொல்வதுதான் நம்பகமானது. குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றே. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்துப் போடுவதில்லை, மருந்து எதிர்க்க வேண்டியதும் விஷத்தைத்தான். குதிரைப் புரதம் ஒவ்வாமை தரக்கூடும் என்பதால் அட்ரினலின் ஊசியைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டே மருந்தைத் தொடங்க வேண்டும். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை, காலை அசையாமல் வைத்து 108ஐ அழைப்பதே ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது.

எண்ணும் பழக்கம்

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது ஐந்து எண்கள். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20, வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டி, ரத்த அழுத்தம் 120/80ஐ ஒட்டி, ஆக்சிஜன் 95க்கு மேல். இவற்றில் எல்லா வார்டிலும் பொய்யாக எழுதப்படுவது மூச்சின் எண்ணிக்கை. எல்லாச் சீட்டிலும் 18 அல்லது 20 என்று இருக்கும். ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ணுவது அலுப்பான வேலை, அதனால் எண்ணாமலே எழுதிவிடுகிறார்கள். குழந்தைகளிடம் இது பெரிய தவறாகிவிடும். இருமலோடு வரும் குழந்தைக்கு இரண்டு மாதத்துக்குள் என்றால் நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இவற்றை மூச்சு எட்டினாலே நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப் இல்லாத கிராம சுகாதாரச் செவிலியரும் கடிகாரத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு லிட்டர், ஒரு பாக்கெட்

வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். எதற்குச் சர்க்கரை என்று கேட்டால் தெம்புக்கு என்பார்கள். குடல் சுவரில் ஒரு வாயில் இருக்கிறது. அதில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். சோடியம் போனால் தண்ணீர் தானாகப் பின்னால் போகும். காலரா நச்சு குடலிலிருந்து நீரை வெளியே கொட்ட வைத்தாலும் இந்த வாயிலை மட்டும் கெடுப்பதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். சாவு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய அளவின்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கண்மதிப்பில் போட்டால் கரைசல் கெட்டியாகி, குடலுக்குள் நீரை இழுத்துவிட்டுப் போக்கை அதிகமாக்கும். தாய்மாரிடம் அளவைச் சொல்வதைவிட, அவர்கள் வீட்டுச் சொம்பையோ பாட்டிலையோ வாங்கி எதுவரை ஊற்றினால் ஒரு லிட்டர் என்று காட்டிவிடுவது நல்லது.

எலிக்காய்ச்சலையும் இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிய வயலில் வெறுங்காலோடு இறங்குகிறவர்களுக்கு, எலியின் சிறுநீரில் வந்த லெப்டோஸ்பைரா கிருமி காலில் உள்ள வெடிப்பு வழியாகப் புகுந்துவிடும். காய்ச்சல், கண் சிவப்பு, ஆடுசதையைத் தொட்டாலே வலி. முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறும். காய்ச்சலோடு வருகிறவரிடம் என்ன வேலை செய்தார் என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

சீட்டில் எழுத வேண்டியவை

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வட்டார மருத்துவமனைக்கும் அங்கிருந்து கல்லூரி மருத்துவமனைக்கும் நோயாளியை அனுப்பும்போது கூடவே போகிற ஒரே சாட்சி அந்தப் பரிந்துரைச் சீட்டு. "பாம்புக்கடி, மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்று ஒற்றை வரியில் முடித்தால், அடுத்த இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடித்த நேரம், முதல் அறிகுறி தெரிந்த நேரம், கண்ணாடிக் குழாய்ச் சோதனை வைத்த நேரமும் முடிவும், விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி, எப்போது தொடங்கியது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பூச்சிமருந்து என்றால் அட்ரோபின் மொத்தம் எவ்வளவு, கடைசியாகப் பார்த்த நாடி எவ்வளவு, மருந்தின் பெயர் அல்லது டப்பாவின் படம். எட்டு மணிக்கு ஒரே மூச்சில் 28வரை எண்ணினார், எட்டரைக்கு 19 என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால், தஞ்சாவூரில் அந்தச் சீட்டை வாங்கிப் பார்க்கும் டாக்டர் நோயாளியை ஸ்ட்ரெச்சரிலிருந்து இறக்குவதற்கு முன்பே வென்டிலேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிடுவார்.